பயிற்சி மென்பொருளில் 95 மதிப்பெண், வெற்றுத்தாளில் தடுமாற்றம்: கணக்கியல் அடிப்படையை எப்படிப் பழகுவது?

#1 குறிப்பேடு

கணக்கியல் அடிப்படைகளைச் சொல்லித்தரும் ஊடாட்டப் பயிற்சி மென்பொருள்கள் இப்போது ஏராளம். ஒரு பாடம், அதன் கீழே பயிற்சி, உடனுக்குடன் சரி/தவறு, பச்சை டிக். எல்லாப் பாடத்தையும் முடித்து 95 சதவீதம் வாங்கியவரிடம் கோடு போட்ட ஒரு வெற்றுத்தாளை நீட்டி, "விளம்பரச் செலவு 4,500, காசோலையாகக் கொடுத்தது, பதிவு போடுங்கள்" என்றால் பேனா நகர்வதில்லை. இது ஒருவர் இருவர் பிரச்சினை இல்லை என்பது கற்பிப்பவர்களுக்குத் தெரியும்.

என் கணிப்பில் கோளாறு கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது. டிராப் டவுனில் விளம்பரம், வங்கி, கட்டடம், முதல் (உரிமையாளர் போட்ட பணம்) என்று நான்கு கணக்குகள். இதில் ஒன்றைப் பற்றும் (டெபிட்) இன்னொன்றை வரவும் (கிரெடிட்) வைக்க 12 வழி உண்டு. ஆனால் கேள்வியைப் படித்ததுமே கட்டடமும் முதலும் கழன்றுவிடும். மிச்சம் இரண்டே வழி. கண்ணை மூடித் தொட்டாலும் பாதி சரி. எந்தக் கணக்குகள் என்று தானாக யோசித்து எழுதும் வேலை, அதாவது கணக்கெழுதுவதில் கடினமான பாதி, பயிற்சியிலேயே வருவதில்லை.

இரண்டு கேள்விகள். பாடங்களை எந்த வரிசையில் படிப்பது? மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

---

#2 இடம்_வலம்

வரிசை பற்றி: பற்று, வரவு என்ற இரண்டு சொல்லையும் முதல் பத்து பயிற்சிக்குத் தொடவே கூடாது. சமன்பாடு மட்டும்.

சொத்து = பொறுப்பு + முதல்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எது கூடியது, எது குறைந்தது, எவ்வளவு என்று மட்டும் எழுதச் சொல்லும் மென்பொருளாகப் பாருங்கள். கடனுக்கு மேசை வாங்கினால் சொத்து கூடுகிறது, பொறுப்பும் அதே அளவு கூடுகிறது. கடனாளி பணம் தந்தால் ஒரு சொத்து கூடி இன்னொரு சொத்து குறைகிறது, மொத்தம் நகரவில்லை. இந்த இரண்டாவது வகையில்தான் பலர் "வருமானம் வந்தது" என்று எழுதுவார்கள். அதை இங்கேயே பிடித்துவிட்டால் பின்னால் பெரிய தலைவலி மிச்சம்.

பிறகு சமன்பாட்டை விரித்து எழுதுங்கள் (எடுப்பு என்பது உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்தது):

சொத்து + செலவு + எடுப்பு = பொறுப்பு + முதல் + வருமானம்

இடப்பக்கம் இருப்பவை கூடினால் பற்று, குறைந்தால் வரவு. வலப்பக்கம் இருப்பவை கூடினால் வரவு, குறைந்தால் பற்று. விதி இவ்வளவுதான். மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த ஒரு வரி மட்டுமே.

---

#3 பழைய_பேரேடு

சமன்பாட்டு முறையை எல்லாரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மூன்று பொன் விதிகளில் என்ன குறை?

ஆள்சார் கணக்கு: பெறுபவரைப் பற்று செய், தருபவரை வரவு செய்.
சொத்துக் கணக்கு: உள்வருவதைப் பற்று செய், வெளிச்செல்வதை வரவு செய்.
பெயரளவுக் கணக்கு: செலவு, நட்டங்களைப் பற்று செய். வருமானம், ஆதாயங்களை வரவு செய்.

இந்த விதிகளில் பழகியவர் நடவடிக்கையைப் படித்ததும் முதலில் கேட்கும் கேள்வி "இதில் எந்தெந்தக் கணக்குகள்? அவை எந்த வகை?" என்பது. குறிப்பேடு சொன்ன நோய்க்கு மருந்தே அந்தக் கேள்விதான். சமன்பாட்டு முறையில் படித்தவர் "சொத்து கூடியது" என்று சொல்லிவிட்டு எந்தச் சொத்து என்று சொல்லாமல் நின்றுவிடுவார்.

---

#4 இடம்_வலம்

கணக்கின் பெயரை முதலில் சொல்ல வைப்பது நல்ல பழக்கம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொன் விதிகள் சரிக்கட்டுப் பதிவுகளில், அதாவது காலமுடிவில் செலவையும் வருமானத்தையும் உரிய காலத்துக்கு ஒதுக்கும் பதிவுகளில், நொண்டும். திரண்ட தேய்மானக் கணக்கை (சொத்தின் இதுவரையிலான தேய்மானம் சேரும் கணக்கு) வரவு வைக்கிறோம். அங்கே வெளியே போனது என்ன? இயந்திரம் அதே இடத்தில்தான் நிற்கிறது. கொடுபட வேண்டிய சம்பளத்தை "பிரதிநிதித்துவ ஆள்சார் கணக்கு" என்று ஒரு துணைவகை பிடித்து விளக்க வேண்டியிருக்கிறது. விளக்க முடியாது என்றில்லை. ஆனால் தொடக்கநிலைக்காரருக்கு விதியைவிட விதிவிலக்கு பெரிதாகத் தெரியும்.

---

#5 கீ_கொ

எந்த முறையானாலும் இரண்டையும் ஒரே வாரத்தில் கலக்காதீர்கள், அதுதான் முக்கியம். ஒரு மென்பொருளில் பாடம் பொன் விதியில், அதன் பயிற்சிக் குறிப்பு சமன்பாட்டில் என்று இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு நிரந்தரக் குழப்பம்: "என் வங்கிக் கணக்கில் பணம் போட்டால் வங்கி 'வரவு' என்கிறது, மென்பொருள் 'பற்று' என்கிறதே?" வங்கி அனுப்பும் அறிக்கை வங்கியின் புத்தகத்திலிருந்து எடுத்தது. உங்கள் வைப்பு அவர்களுக்குப் பொறுப்பு. பொறுப்பு கூடினால் வரவு. உங்கள் புத்தகத்தில் அது சொத்து, கூடினால் பற்று. இரண்டும் சரி. இதை முதல் பாடத்திலேயே சொல்லாத மென்பொருளில் படிப்பவர், வங்கிச் சரிகட்டும் பட்டியலுக்கு (வங்கி அறிக்கையையும் நம் புத்தகத்தையும் ஒப்பிடுவது) வரும்போது ஒவ்வொரு வரியையும் தலைகீழாகப் போடுவார்.

---

#6 நிரல்மொழி

பாடம் சொல்லும் மென்பொருளோட கூடவே ஒரு உண்மையான கணக்கு மென்பொருளையும் திறந்து வெச்சுக்கணும்னு சொல்வேன். ஆனா எதைத் திறக்கிறோம்ங்கிறதுல கவனம் வேணும்.

தொழில்முறை மென்பொருள்கள் மறுபக்கத்தைத் தானே போட்டுடும். விற்பனைப் பில் ஒண்ணு அடிச்சா கடனாளி, விற்பனை, வரி, சில இடத்துல விற்ற சரக்கின் அடக்கம் (அடக்கவிலை), சரக்கிருப்பு வரைக்கும் பின்னாடி பதிவாகிடும். அடிச்சவருக்கு அதுல ஒண்ணும் தெரியாது. டேலியில பணம் கொடுத்ததுக்கு எஃப்5, வாங்கினதுக்கு எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7ன்னு விசையா மனசுல பதிஞ்சுடும், எது பற்று எது வரவுன்னு பதியாது. பழகும்போது டேலி திரையோட ஒற்றைப் பதிவு முறையை விட்டுட்டு இரட்டைப் பதிவு முறைக்கு மாத்தி, ரெண்டு பக்கமும் கையால அடிங்க. வேகம் பின்னாடி வரட்டும்.

இலவசமா வேணும்னா குனுகேஷ். அதுல போட்டவுடனே மாத்த வேண்டியது ரெண்டு:

ஒண்ணு, பத்திகளோட தலைப்பு. இயல்பா வங்கிக் கணக்குல "டெபாசிட், வித்ட்ராயல்"னும் மத்த கணக்குல வேற வேற பேர்லயும் காட்டும். விருப்பத்தேர்வுகள்ல கணக்குகள் பக்கத்துக்குப் போய் முறையான கணக்கியல் தலைப்புகளைப் பயன்படுத்துங்கிற பெட்டியை டிக் பண்ணினா எல்லாக் கணக்குலயும் டெபிட், கிரெடிட்னு மாறிடும்.

ரெண்டு, காட்சியை டிரான்ஸாக்‌ஷன் ஜர்னலுக்கு மாத்துங்க. ஒவ்வொரு நடவடிக்கையோட எல்லா வரியும் விரிஞ்சு தெரியும்.

மறுபக்கக் கணக்கை நிரப்பாம விட்டா "இம்பேலன்ஸ்"னு ஒரு கணக்குல தூக்கிப் போட்டுடும். மாசக் கடைசியில அந்தக் கணக்குல ஏதாவது மீதி நின்னா எங்கயோ யோசிக்காம அடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அது பூஜ்யமா இருக்கிறதுதான் உங்க முதல் தேர்வு.

உரைக்கோப்புல எழுதிப் பழக ஹெச்லெட்ஜர் ரொம்ப நல்லது. டிராப் டவுனே கிடையாது, கணக்குப் பேரை நீங்கதான் அடிக்கணும். பற்று கூட்டல், வரவு கழித்தல், ஒரு நடவடிக்கையோட வரிகள் கூட்டினா பூஜ்யம் வரணும். வராட்டி ஏத்துக்காது. மூணு பள்ளம் இருக்கு:

கணக்குப் பேருக்கும் தொகைக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு இடைவெளி விடணும். ஒண்ணு மட்டும் விட்டா "வங்கி 500"ங்கிறதே கணக்கோட பேராயிடும், தொகை இல்லாத வரின்னு நினைச்சுக்கும். மறுவரியில தொகை இருந்தா அதை வெச்சு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கும், பிழைன்னு சொல்லவே சொல்லாது. இருப்புப் பட்டியல்ல விசித்திரமான கணக்குப் பேர் தெரிஞ்சா இதுதான் காரணம்.

தமிழ்ல கணக்குப் பேர் வெக்கலாம். ஆனா எது சொத்து, எது பொறுப்புன்னு அது ஆங்கிலப் பேரைப் பார்த்துத்தான் ஊகிக்கும். தமிழ்ப் பேரா இருந்தா கோப்போட தலையிலேயே கணக்கு வகையை ஆங்கில எழுத்தால அறிவிக்கணும்: சொத்து ஏ, பொறுப்பு எல், முதல் ஈ, வருமானம் ஆர், செலவு எக்ஸ். இல்லாட்டி இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) காலியா வரும்.

வருமானம் கழித்தல் குறியோட வந்தா பதற வேண்டாம். அது வரவு இருப்பு, அவ்வளவுதான்.

---

#7 அனாமத்து

இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் கூட்டி ஒப்பிடும் பட்டியல், பற்றி யாரும் பேசவில்லை. எல்லாப் பயிற்சி மென்பொருளும் இங்கே ஒரு பெரிய பச்சை டிக் காட்டி வாழ்த்துகிறது. அதுதான் தவறான பாடம்.

முதலில் கையால் எழுதும்போது. பற்று மொத்தம் 86,450, வரவு மொத்தம் 86,990. வித்தியாசம் 540. எல்லா வரியையும் முதலிலிருந்து கூட்டுவதற்கு முன் இந்த எண்ணையே விசாரிக்கலாம்.

540 என்ற தொகையே எங்காவது ஒரு பக்கம் விடுபட்டதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இரண்டால் வகுங்கள், 270. பற்றில் போக வேண்டிய 270 வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 540 ஆகும். அதுவும் இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள், 60. மீதியில்லாமல் வகுபடுகிறது, ஆகவே இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 60 என்பதால் நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்க வேண்டும், இரண்டு இலக்கங்களுக்கும் வேறுபாடு 6. 1,820க்குப் பதில் 1,280 எழுதினால் சரியாக 540 குறையும். அல்லது ஒரு சைபர் நழுவி 600 என்பது 60 ஆகியிருக்கும், அதுவும் 540தான். ஒரே எண்ணிலிருந்து நான்கு சந்தேகங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் ஆள் அகப்படுவார். அகப்படாவிட்டால்தான் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியும் வரை ஒதுக்கி வைக்கும் தற்காலிகக் கணக்கு) போட்டுவிட்டு மேலே நகர்வது.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். சமனில்லாத பதிவை அது உள்ளேயே விடாது. எனவே மேலே சொன்ன பிழைகள் எதுவும் அங்கே வராது. இருப்பாய்வு எப்போதும் சமமாகவே இருக்கும், முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை. அந்தப் பச்சை டிக்குக்கு அங்கே அர்த்தமே இல்லை. மென்பொருளில் வருபவை இருப்பாய்வு காட்டாத பிழைகள் மட்டுமே:

முழு விடுபிழை: நடவடிக்கையே பதிவாகவில்லை.
இரட்டிப்பு: ஒரே ரசீது இருமுறை. வங்கித் தரவை இறக்குமதி செய்துவிட்டுக் கையாலும் அடித்தால் எளிதில் வரும்.
விதிப்பிழை: இயந்திரம் வாங்கியதைப் பழுதுச் செலவில் போடுவது.
தவறான ஆள்: ஒருவர் கடனை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவது.
இரு பக்கமும் ஒரே தவறான தொகை.
ஈடுசெய் பிழை: ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு தவறுகள்.

பயிற்சி மென்பொருள் இந்த ஆறில் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே வைத்து "கண்டுபிடி" என்று சொன்னால் அது நல்ல மென்பொருள். வங்கி அறிக்கையோடும் கடனாளிகளின் தனிப் பட்டியலோடும் ஒப்பிட்டால்தான் இவை வெளிவரும்.

---

#8 குறிப்பேடு

சரிக்கட்டுப் பதிவுகளுக்கு வருகிறேன். காப்பீட்டுக் கட்டணக் கேள்வி ஒன்றுக்கு ஒரு மென்பொருள் 6,000 என்கிறது, இன்னொன்று 18,000 என்கிறது. கேள்வி ஏறக்குறைய ஒன்றே. எதை நம்புவது?

---

#9 பழைய_பேரேடு

இரண்டும் சரியாக இருக்கலாம். 12 மாதத்துக்கான காப்பீடு 24,000, அக்டோபர் 1இல் கட்டியது, கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழிந்தது, 6,000 செலவு. ஒன்பது மாதம் மிச்சம், 18,000 சொத்து. முடிவில் நிற்க வேண்டிய எண்கள் இவை, இதில் விவாதமில்லை.

ஆனால் அக்டோபரில் எந்தக் கணக்கில் பற்று வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து டிசம்பர் பதிவு மாறும்.

அன்று முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்ற சொத்தில் 24,000 போட்டிருந்தால்: காப்பீட்டுச் செலவு பற்று 6,000, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு வரவு 6,000.

அன்றே காப்பீட்டுச் செலவில் 24,000 போட்டிருந்தால்: முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு பற்று 18,000, காப்பீட்டுச் செலவு வரவு 18,000.

"முதலில் எதில் பதிவானது" என்பதைக் கேள்வியில் சொல்லாமல் ஒரு விடையை மட்டும் சரி என்று வைத்திருக்கும் மென்பொருள் கற்பவரைக் குழப்புகிறது. கற்பவர் செய்ய வேண்டியது: விடை எழுதுமுன் அந்தக் கணக்கின் பேரேட்டை (அதன் தனிப் பக்கத்தை) திறந்து இப்போது என்ன இருப்பு நிற்கிறது என்று பார்ப்பது. இருக்க வேண்டிய இருப்பு என்ன என்று தனியே எழுதுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பதிவு. இந்த மூன்று படியைப் பழகியவர் எந்த வகைக் கேள்வியிலும் விழமாட்டார். பேரேட்டைப் பார்க்க விடாமல் நேரே "பதிவு போடு" என்று கேட்கும் பயிற்சியில் விழுவதைத் தவிர வழியில்லை.

கொடுபட வேண்டிய சம்பளத்தில் வேறொரு பொறி இருக்கிறது. ஐந்து நாள் வாரத்துக்குச் சம்பளம் 35,000, வெள்ளிக்கிழமை கொடுப்பது. ஆண்டு புதன்கிழமை முடிகிறது. மூன்று நாள், 21,000: சம்பளச் செலவு பற்று, கொடுபட வேண்டிய சம்பளம் வரவு. இதை எல்லாரும் சரியாகப் போடுவார்கள். தவறு இரண்டு நாள் கழித்து நடக்கும். வெள்ளியன்று பணம் கொடுக்கும்போது பழக்க தோஷத்தில் 35,000 முழுவதையும் செலவில் போட்டுவிடுவார்கள். போட வேண்டியது கொடுபட வேண்டிய சம்பளம் பற்று 21,000, சம்பளச் செலவு பற்று 14,000, வங்கி வரவு 35,000. இல்லையென்றால் 21,000 இரண்டு ஆண்டிலும் செலவாகிவிடும், கொடுத்துத் தீர்த்த பொறுப்பு ஆண்டு முழுவதும் புத்தகத்தில் தொங்கும். இதைத் தவிர்க்கத்தான் புத்தாண்டின் முதல் நாளில் சரிக்கட்டுப் பதிவை அப்படியே தலைகீழாகப் போட்டு வைப்பது. அப்புறம் வெள்ளியன்று 35,000ஐ முழுதாகச் செலவில் போட்டாலும் கணக்கு 14,000இல் வந்து நிற்கும்.

பயிற்சி மென்பொருள்களில் பெரும்பாலும் ஆண்டு முடிந்ததும் பாடமும் முடிந்துவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை வருவதே இல்லை.

---

#10 கீ_கொ

கூடவே இரண்டு குறிப்பு.

தேய்மானம்: விலை 1,30,000, இறுதி மதிப்பு 10,000, ஆயுள் 5 ஆண்டு. நேர்க்கோட்டு முறையில் ஆண்டுக்கு 24,000. ஏப்ரல் 1இல் வாங்கி டிசம்பரில் ஆண்டு முடிந்தால் முதல் ஆண்டு 9 மாதத்துக்கு 18,000 மட்டும். குறைந்து செல் இருப்பு முறையில் இறுதி மதிப்பைத் தொடக்கத்தில் கழிக்கக் கூடாது. 40 சதவீதம் என்றால் முழு ஆண்டுக்கு 1,30,000 மேல் 52,000, அடுத்த ஆண்டு 78,000 மேல் 31,200. நேர்க்கோட்டில் கழித்துப் பழகிய கை இங்கேயும் 10,000ஐக் கழித்துவிடும்.

சரக்கு: பாடப்புத்தகக் கணக்கு பெரும்பாலும் ஆண்டிறுதியில் எண்ணிப் பார்க்கும் முறை. கொள்முதல் கணக்கு உண்டு. தொடக்கச் சரக்கு 10,000, கொள்முதல் 60,000, இறுதிச் சரக்கு 15,000, அடக்கம் 55,000. மென்பொருள் பெரும்பாலும் தொடர் இருப்பு முறை. வாங்கியதும் நேரே சரக்கிருப்பில் ஏறும், விற்கும்போதெல்லாம் அடக்கம் இறங்கும், கொள்முதல் என்ற கணக்கே தேவையில்லை. புத்தகப் பழக்கத்தில் அங்கே ஒரு கொள்முதல் கணக்கைத் திறந்து செலவாக வைத்தால் ஒரே சரக்கு இரண்டு முறை செலவாகும். மொத்த இலாபம் திடீரென்று பாதாளத்துக்குப் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

---

#11 நிரல்மொழி

முடிப்புப் பதிவையும் சேர்த்துக்கோங்க. வருமானம், செலவு, எடுப்பு கணக்குகள் ஆண்டு முடிவுல பூஜ்யமாகி முதல்ல போய்ச் சேரணும். நிறைய மென்பொருள் அதைப் பதிவாப் போடாம அறிக்கையில மட்டும் கணக்குப் போட்டுக் காட்டிடும். கத்துக்கிறவர் கண்ணுல அந்தக் கட்டமே படாது. குனுகேஷ்ல புத்தகத்தை முடிக்கிறதுக்குன்னு தனிக் கருவி இருக்கு, ஹெச்லெட்ஜர்லயும் அதுக்கு ஒரு கட்டளை இருக்கு. ஆனா முதல் தடவை கோப்பை நகல் எடுத்து அதுல கையாலயே போட்டுப் பாருங்க.

---

#12 இடம்_வலம்

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு: மூன்றாவது நான்காவது பாடம் வரைக்கும் போய், சரியாகச் செய்யாமல் வேண்டுமென்றே தப்பாகச் செய்து பாருங்கள். அரை மணி நேரத்தில் தரம் தெரிந்துவிடும்.

பற்றையும் வரவையும் மாற்றிப் போடுங்கள். "தவறு, மீண்டும் முயல்க" என்று மட்டும் வந்தால் சுமார். "வங்கி இருப்பு இப்போது கூடிவிட்டது, பணம் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா?" என்று விளைவைக் காட்டினால் நல்லது.

80,000 இயந்திரம், 30,000 ரொக்கம், 50,000 கடன் என்ற மூன்று வரிப் பதிவை, 30,000க்கு ஒன்று, 50,000க்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டும் சரியான விடைதான். ஒன்றை மறுத்தால் அது தன் விடைத்தாளை ஒப்பிடுகிறதே தவிர கணக்கைப் பார்க்கவில்லை. வரவு வரியை முதலில் எழுதினால், எண்ணில் காற்புள்ளி வைத்தால் தவறு என்கிறதா என்றும் பாருங்கள். இந்த மாதிரி அற்பக் காரணத்துக்குத் தவறு வாங்கியவர் தனக்குப் பாடமே புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அதே பயிற்சியை இரண்டாம் முறை திறங்கள். எண்கள் மாற வேண்டும். மாறாவிட்டால் மூன்றாம் முறை நினைவாற்றலுக்குத்தான் மதிப்பெண்.

பட்டியலில் இல்லாத கணக்கைப் புதிதாகத் திறக்க முடிகிறதா, பதிவு போட்டதும் பேரேடு எப்படி மாறியது என்று பக்கத்திலேயே தெரிகிறதா, தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்த விடுகிறதா என்பவையும் முக்கியம். ஓவியமும் ஒலியும் பதக்கமும் எதற்கும் உதவாது.

"உதவி" பொத்தானை ஒளிக்க வழி இருந்தால் ஒளித்துவிடுங்கள். விளம்பரம் பற்று என்று அது சொன்ன பிறகு நீங்கள் போடும் பதிவு உங்களுடையது அல்ல.

---

#13 அனாமத்து

மென்பொருள் எதுவானாலும் இந்த ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் தாளில், உதவியில்லாமல். பிறகு மென்பொருளில். எல்லாப் பணமும் வங்கி வழியாக.

1. முதலாகப் போட்டது 2,00,000
2. கருவி 60,000, உடனே 20,000, மீதி கடன்
3. ஆறு மாத வாடகை முன்கூட்டி 30,000
4. சேவை செய்து உடனே பெற்றது 25,000
5. கடனுக்குச் சேவை 45,000
6. அந்தக் கடனில் வசூல் 18,000
7. சம்பளம் 22,000
8. உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்தது 8,000
9. இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு முன்பணம் 12,000
10. கருவி விற்றவருக்குக் கொடுத்தது 10,000

இருப்பாய்வு இரு பக்கமும் 3,12,000 வர வேண்டும், வங்கி 1,65,000.

மாத முடிவில்: ஒரு மாத வாடகை கழிந்தது. கருவியின் ஆயுள் 5 ஆண்டு, இறுதி மதிப்பு இல்லை, நேர்க்கோடு. கட்டாத மின் கட்டணம் 1,500. முன்பணம் வாங்கிய வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது.

சரிக்கட்டிய இருப்பாய்வு 3,14,500. இலாபம் 44,500. இருப்புநிலைக் குறிப்பு 2,76,000.

இலாபம் வேறாக வந்தால் அந்த எண்ணே காரணம் சொல்லும்:

36,500 என்றால் எடுப்பைச் செலவாக்கிவிட்டீர்கள்.
52,500 என்றால் முன்பணம் முழுவதும் வருமானமாகிவிட்டது. 40,500 என்றால் அதில் சம்பாதித்த 4,000ஐ எடுக்கவே இல்லை.
19,500 என்றால் ஆறு மாத வாடகையும் இந்த மாதத்திலேயே விழுந்துவிட்டது.
46,000 என்றால் மின் கட்டணம் விடுபட்டது.
62,500 என்றால் வசூலான 18,000ஐ இன்னொரு முறை வருமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். 17,500 என்றால் கடன் விற்பனையை விட்டுவிட்டு வசூலை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இலாபம் சரியாக வந்து, இருப்புநிலைக் குறிப்பு இரு பக்கமும் 2,77,000 என்று சமமாக நின்றால், திரண்ட தேய்மானம் 1,000ஐக் கருவியிலிருந்து கழிக்காமல் பொறுப்புப் பக்கம் வைத்திருக்கிறீர்கள்.

---

#14 குறிப்பேடு

அருமை. இதை அப்படியே ஒரு பயிற்சியாக மென்பொருளில் ஏற்றினால், இலாபம் 44,500, மொத்தம் 2,76,000 என்ற இரண்டை மட்டும் சரிபார்த்தால் போதுமா?

---

#15 அனாமத்து

போதாது. எடுப்பு 8,000ஐச் செலவாக்கி, முன்பணம் 12,000ஐ முழுவதும் வருமானமாக்கினால் ஒன்று 8,000 குறைக்கும், மற்றது 8,000 கூட்டும். இலாபம் 44,500. பொறுப்பு 39,500க்குப் பதில் 31,500, முதல் 2,36,500க்குப் பதில் 2,44,500. மொத்தம் 2,76,000. இரண்டு விதிப்பிழை இருந்தும் இரண்டு எண்ணும் சரி, பச்சை டிக் விழுந்துவிடும்.

ஆகவே குறைந்தது ஐந்து இருப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: வங்கி 1,65,000, முன்கூட்டிச் செலுத்திய வாடகை 25,000, கருவி நிகரம் 59,000, முன்கூட்டிப் பெற்ற வருமானம் 8,000, இறுதி முதல் 2,36,500. கடனாளிகள் 27,000ஐயும் சேர்த்தால் இன்னும் நல்லது.